பசியோடு போனவன்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் மெட்ரோ வேலைக்கு வைத்திருந்த தகரத் தடுப்புகளை எடுத்து ஆறு மாதம் ஆகியும், தெருவுக்குள் புகுந்த சிமென்ட் தூசி போகவில்லை. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மத்தியானம் விரலை வைத்தால் கோடு விழும். அதற்காகவே ஜெயகுமாரி வாசல் கதவைச் சாத்தி வைத்திருப்பாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வாரம் இரண்டு முறை சட்டைகள் மூட்டையாக வந்து இறங்கும். தையலில் துருத்திக்கொண்டு நிற்கும் நூல் பிசிர்களைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, திரும்ப அடுக்கித் தர வேண்டும். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருந்தாலும் மூட்டை திரும்பி வந்துவிடும்.

அன்று கத்திரி வெயில். ஃபேனைப் போட்டால் வெட்டிய பிசிர் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டு, சிமென்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். கிரில் கேட்டை யாரோ தட்டினார்கள்.

"யாரு?"

"அம்மா, எம் பேரு மைதிலி. பத்திரிகைல இருந்து வரேன். பிராங்க் கேஸ் விஷயமா ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்."

ஜெயகுமாரி எழுந்து வந்து கதவைப் பாதி திறந்தாள். கிரில்லைத் திறக்கவில்லை. வெளியே முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்ததில் நெற்றி மட்டும் கறுத்திருந்தது. பின்னால் ஸ்கூட்டி நின்றது.

"பேப்பரா? ஒம்போது வருசத்துக்கு முன்னாடி 'ரவுடி வெட்டிக் கொலை'ன்னு போட்டீங்களே, அந்தப் பேப்பரா? எம்புள்ள ரவுடியா? லேத்து பட்டறைல வேல செஞ்சவன். அன்னிக்கி கோயிலுக்குப் போய்ட்டு வந்த சட்டையோட செத்துக் கெடந்தான்."

"நான் அத எழுதலம்மா."

"நீ எழுதலன்னா ஒன் ஆளு எழுதனான். இப்ப இன்னாத்துக்கு வந்த?"

மைதிலி சுற்றி வளைக்கவில்லை. "லட்சுமணன் இதச் செய்யலன்னு நான் நெனைக்கிறேன். ஒரு வருஷமா கேஸ் கட்டு மொத்தமும் படிச்சேன்."

"செய்யலியா?" ஜெயகுமாரியின் குரல் தெருவுக்குக் கேட்டது. "ஒம்போது வருசம் உள்ள கீறான், சொம்மாவா கீறான்? ஜட்ஜி இன்னா கண்ண மூடிக்கினா தீர்ப்பு சொன்னாரு? எம்மவன் அவன ஒரு அற அறஞ்சதுக்கு டீக்கடைல நின்னு 'ஒன்ன வெட்டாம வுட மாட்டேன்'னு கத்தினவன் அவன். ஊரே கேட்டுச்சி. நீ அவனுக்கு வக்காலத்து வாங்க எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கிற."

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ட யாருமே ஒழுங்கா படிக்கலம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது ஒரு ஞாயித்துக்கெழம. அன்னைக்கு உங்க வீட்ல என்ன கொழம்பு?"

ஜெயகுமாரி கிரில்லுக்கு இன்னும் கிட்டே வந்தாள். கத்தரி இன்னும் கையிலேயே இருந்தது.

"இன்னா கேட்ட?"

"என்ன கொழம்பு வெச்சீங்க, எத்தன மணிக்கு சமையல் முடிஞ்சுது?"

"போடி," என்றாள் ஜெயகுமாரி. "புள்ளய வாரிக் குடுத்தவகிட்ட வந்து இன்னா சமச்சன்னு கேக்கற. நீயும் ஒருத்திக்குப் பொறந்தவதான? போடி!"

மாடி வீட்டு ராஜம்மா எட்டிப் பார்த்து, "யாரும்மே அது? பேப்பர்காரியா? வண்டிய இஸ்து வெளிய போடு," என்று அங்கிருந்தே கத்தினாள். எதிர் வீட்டில் கதவு திறந்தது. தண்ணீர் கேன் போட வந்தவன் ஸ்கூட்டிக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். மைதிலி கிரில் இடுக்கில் ஒரு கார்டைச் செருகிவிட்டு, கேன் வண்டி நகரும்வரை வெயிலில் நின்று, பிறகு போனாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த ஆரோக்கியசாமி அந்தக் கார்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டான்.

கேஸ் சிக்கலானதல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, எஸ்டேட்டை ஒட்டி மூடிக் கிடந்த ஒரு பழைய ஃபவுண்டரிக்குள் பிராங்கின் உடல் கிடைத்தது. இருபத்திரண்டு வயது, ஒரே பிள்ளை. அன்று காலை ஒன்பதரைக்கு லட்சுமணனின் பைக்கில் அவன் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். முந்தின வாரம்தான் இருவருக்கும் சண்டை. போலீஸ் ராத்திரியே லட்சுமணனைத் தூக்கியது. சண்டை சமாதானமாகிவிட்டது, பைக்கை சர்வீஸ் விடப் போனோம், கடை திறக்கவில்லை, திரும்பி வந்து அவனைத் தெருமுனையில் இறக்கி விட்டேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பத்து, பத்தரைக்குள் கொலை நடந்தது என்று கேஸ் போட்டார்கள். காலையில் போன மகன் திரும்பி வரவே இல்லை என்று தாய் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். ஆயுள் தண்டனை.

மைதிலி வந்துபோய் மூன்று வாரம் கழித்து அவள் எழுதியது வார இதழில் வந்தது. அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஆரோக்கியசாமி, பகல் டூட்டி முடிந்து, யூனிஃபார்ம் சட்டையின் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டபடியே, புத்தகத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"எழுதிட்டா பாரு. நாலு பக்கம். எம்மவன் வயித்துல கெடந்தத கூட உடல."

"அத்த ஏன் ஊட்டுக்குள்ள எடுத்தாந்தீங்க? தூக்கிப் போடுங்க."

"இல்ல, கேளு. நாளிக்கி போய் அந்த ஆபீஸ்ல கல்லு உடணும்னா இன்னா எழுதிக்கீறான்னு தெரியணும் இல்ல?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி விரல் வைத்துப் படித்தான். "'இரைப்பையில் பாதி செரித்த சோறு, கருவாட்டு முள், கத்திரிக்காய்த் தோல், பலாக்கொட்டைத் துண்டுகள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. பத்தரை மணிக்குள் கொல்லப்பட்டார் என்றால், காலை வேளையில் பிராங்க் எங்கே இதைச் சாப்பிட்டார்? லட்சுமணன் அன்று பத்து ஐம்பதுக்குத் தன் கம்பெனியில் கார்டு பஞ்ச் செய்து உள்ளே போனவர், மாலை ஏழு வரை வெளியே வரவில்லை. பிராங்க் மதியம் சாப்பிட்டிருந்தால், லட்சுமணன் கொலைகாரர் அல்ல.'"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "திமிரப் பாத்தியா. எங்கயாவது ஓட்டல்ல துன்னிருப்பான். எந்த ஓட்டல்ல வேணா..."

ஜெயகுமாரி சட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"எந்த ஓட்டல்ல பலாக்கொட்ட போட்டுக் கருவாட்டுக் கொழம்பு வெக்கிறான்?" என்றான் ஆரோக்கியசாமி, தனக்குத்தானே கேட்பதுபோல.

"எனக்கின்னா தெரியும்."

"ஜெயா. சனிக்கெழம சாய்ங்காலம் நாந்தான் பலாக்கொட்ட உரிச்சிக் குடுத்தேன். ஞாயித்துக்கெழம எனக்கு ஓவர்டைம். ஏழு மணிக்கிக் கெளம்பசொல்ல, கருவாடு இனிமேதான் ஊற வெக்கணும், நீங்க கேன்டீன்லயே துன்னுக்கோங்கன்னு சொன்ன."

அவள் ஒரு சட்டைக் காலரை எடுத்து நீவினாள்.

"ஜெயா. வந்தானா?"

தெருவில் பால்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

"வந்தான்."

"எத்தினி மணிக்கி?"

"பன்னெண்டரைக்கி வந்தான். துன்னுட்டு சித்த நேரம் படுத்தான். ஒண்ணேகாலுக்கு, தோ வந்துட்றேம்மான்னு போனான். போன் டிஸ்பிளே ஒடஞ்சி ரிப்பேருக்குக் குடுத்திருந்தான், அத்த வாங்கத்தான் போறான்னு நெனச்சேன். நான் பர்ஸ்ட்டு அப்டித்தான் சொன்னேன் ஸ்டேசன்ல. சத்தியமா அப்டித்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டரு தனியா கூப்ட்டு, 'அவன் ஒத்துக்கினான்மா, நீ டைம மாத்தினா கேஸ் நிக்காது, ஒன் புள்ளய வெட்டுனவன் அடுத்த மாசம் ஒன் தெருவுலயே பைக் ஓட்டுவான்'ன்னாரு. ஊட்டுக்காரர்கிட்டயும் சொல்லாத, கோர்ட்ல ஒளறிடுவாருன்னாரு. அவன்தான் செஞ்சான்னு நான் நம்புனேங்க. டைமு இன்னா டைமு, ஆளு அவன்தானன்னு நம்புனேன்."

ஆரோக்கியசாமி ஷூவோடு தரையில் உட்கார்ந்தான். ஒவ்வொரு ஜூனிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பான். காலையில் பூசை முடிந்ததும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கே படுத்துக் கிடப்பவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பான். ஏன் என்று கேட்டால், 'எம்புள்ள காலைல ரெண்டு இட்லியோட போனவன், பசியோட செத்தான்' என்பான். எட்டு வருஷமாக அவள் அந்தப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"துன்னானா? நல்லா துன்னானா?"

"மூணு தபா சோறு போட்டுக்கினான். கொட்டையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கித் துன்னான். அப்பாவுக்கு மிச்சம் வைடான்னேன்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்து அவள் கிட்டே போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"தொடாத. ஒம்போது வருசம். எம்புள்ள வயிறு ரொம்பித்தான் போனான்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னாடி? போலீசுக்கு பயந்தியா, சரி. கோர்ட்ல பொய் சொன்னியா, சரி. எங்கிட்டயுமா? நான் பட்டினி கெடக்கசொல்ல பக்கத்துல நின்னு பாத்துகினுதான கீற?"

அன்றிலிருந்து அவன் முன்னறையில் பாய் போட்டுக்கொண்டான்.

புத்தகம் வந்த ஐந்தாம் நாள் காலையில் பழைய இன்ஸ்பெக்டர் சிவராமன் வந்தார். டி.எஸ்.பி. ஆகி ரிட்டயர் ஆகியிருந்தார். முடிக்கு மை போட்டிருந்தார். ஆரோக்கியசாமி டூட்டிக்குப் போயிருந்தான். சிவராமன் நாற்காலியில் இருந்த சட்டைகளைத் தானே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு வந்துச்சா?"

"வந்திச்சி. தொரத்திட்டேன்."

"நல்ல காரியம் பண்ண. இனிமே வக்கீலக் கூட்டிக்கிட்டு வருவா. புள்ள மதியம் சாப்பிட வரல, அவ்வளவுதான். வேற எதுவும் பேசாத. இப்ப மாத்திப் பேசினா பொய்ச் சாட்சின்னு நீதான் உள்ள போவ. இந்த வயசுல ஜெயில் களி தாங்குவியா?"

ஜெயகுமாரி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சார், ஒண்ணு கேக்கவா? அவன் ஒத்துக்கினான்னு சொன்னீங்களே. நெசமாவே ஒத்துக்கினானா?"

சிவராமன் எரிச்சலோடு சிரித்தார். "ஸ்டேஷனுக்கு வந்து ஒத்துக்காம எவன்மா இருந்திருக்கான்?"

"அவன் கம்பெனில கார்டு அடிச்சது ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாமயா பத்தரைக்குள்ள முடிச்சேன்? இத பாரு, ஆள் கெடைக்கலன்னா பேப்பர்ல எங்களக் கிழிப்பான். ஒனக்கும் ஒருத்தன் உள்ள போகணும். போனான். ரெண்டு பேருக்கும் நல்லதுதான் நடந்துச்சு."

அவர் போன பிறகு அவள் நாற்காலிப் பக்கம் வந்தாள். ஒன்பது வருஷமாக ராத்திரி ஜெபத்தில் அவன் நல்ல சாவு சாகக் கூடாது என்று லட்சுமணனின் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவள். பிள்ளை செத்தது சிவராமனுக்கு ஒரு கேஸ். ஆள் கிடைக்காத கேஸ். நாற்காலியிலிருந்து எடுத்து வைத்த சட்டைகளில் மேலாக இருந்ததில் அவருடைய செருப்புத் தடம் விழுந்திருந்தது. அதை எடுத்துத் துவைக்கப் போட்டாள். பிறகு, முன்னறைப் பாய்க்கு அடியில் கிடந்த வார இதழைத் தேடி எடுத்தாள். கட்டுரையின் கடைசியில் 'தகவல் தெரிந்தவர்கள் அழைக்கலாம்' என்று நம்பர் போட்டிருந்தது.

"நாந்தான் பிராங்க் அம்மா. வா. எழுதிக்க."

மைதிலி அன்று மாலையே ஒரு வக்கீலோடு வந்தாள். ஜெயகுமாரி இந்தத் தடவை கிரில்லைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் மைதிலி, "ரொம்ப பெரிய மனசும்மா ஒங்களுக்கு," என்றாள்.

"மனசும் இல்ல, மயிரும் இல்ல. ஒன்ன எனக்குப் புடிக்கல. எம்புள்ள வயித்தத் தொறந்து ஊருக்கே காட்டுன. ஆனா நீ கேட்டத அன்னிக்கிக் கோர்ட்ல ஒருத்தன் கேட்டிருந்தா நான் சொல்லித் தொலச்சிருப்பேன். ஒருத்தனும் கேக்கல. போ."

விஷயம் தெருவுக்குத் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. ராஜம்மா மோட்டார் போடும்போது தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் குரல் கொடுப்பதை நிறுத்தினாள். பெத்த பிள்ளையை வெட்டியவனை வெளியே விடக் கையெழுத்துப் போட்டவள் என்று கோயில் முற்றத்தில் பேசினார்கள். தெருவில் கூடும் அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனி மட்டும் வழக்கம்போல மூட்டை அனுப்பியது.

ஹைகோர்ட்டில் அப்பீல் எடுத்து, அவள் மறுபடி கூண்டில் ஏற டிசம்பர் ஆனது. அரசு வக்கீல் அவளை ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? எத்தனை கொடுத்தார்கள்? அவள் பன்னிரண்டரை, ஒண்ணேகால் இரண்டையும் மாற்றாமல் சொன்னாள். வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆரோக்கியசாமி உடன் வந்திருந்தான். தூணுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

லட்சுமணனின் அம்மா பூங்காவனம் எதிரில் வந்து நின்றாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூ கட்டி விற்பவள். நார் அறுத்து அறுத்து ஆள்காட்டி விரலில் கறுப்பாக ஒரு வரி விழுந்திருந்தது. ஜெயகுமாரி எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"எம்மருமவ ரெண்டாம் வருசமே வேற கல்யாணம் கட்டிக்கினு பூட்டா," என்றாள் பூங்காவனம். கத்தவில்லை. "எம்புருசன் செத்தப்ப கொள்ளி வெக்க அவன ரெண்டு போலீசு இட்டாந்து, ஒரு மணி நேரத்துல இஸ்துகினு பூட்டானுங்க. ஒன் வார்த்தலதான் எம்மவன் உள்ள போனான். இப்ப ஒன் வார்த்தலயே வெளிய வருவான்னு வக்கீலு சொல்றாரு. அதுக்கு நான் ஒன் கால்ல வுழணுமா?"

"வேணாம்மா."

"ஒம்புள்ள செத்ததுக்கு அன்னிக்கி நானும் மாருல அடிச்சிகினு அய்தேன். எங்கூட்டுலயும் துன்னவன்தான அவன். இனிமே அழ மாட்டேன்." முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. லட்சுமணன் விடுதலை. பொய்ச் சாட்சிக்காக ஜெயகுமாரிமேல் என்ன நடவடிக்கை என்பது தனியாக முடிவு செய்யப்படும் என்று ஒரு வரி. கேஸை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று இன்னொரு வரி. சிவராமனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டி.வி.க்காரர்கள் தெருவுக்குள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜெயகுமாரி கதவைத் திறக்கவில்லை. மைதிலி போன் செய்தாள்.

"யார் செஞ்சாங்கன்னு நான் தேடிக்கிட்டுதான் இருக்கேன்மா. விட மாட்டேன்."

"தேடு. கெடச்சா சொல்லு. கெடைக்கலன்னா போன் பண்ணாத."

முன்பு மண்டியிட்டால் திட்டுவதற்கு ஒரு பேர் இருந்தது. இப்போது சும்மா மண்டியிட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்தாள்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், வெயில் ஏறுவதற்குள், கிரில் கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் வந்து நின்றான். தட்டவில்லை, கூப்பிடவில்லை. ஜெயகுமாரி பக்கெட் தண்ணீரோடு வாசலுக்கு வந்தபோதுதான் பார்த்தாள். முன்மயிர் கொட்டியிருந்தது. இடது பக்கத்துப் பல் இரண்டு இல்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"நாந்தான் ஆன்ட்டி. லட்சுமணன்."

பக்கெட்டைக் கீழே வைத்தாள். கிரில்லின் தாழ்ப்பாளை எடுக்கக் கை வரவில்லை. "உள்ள வாப்பா," என்றாள்.

"உள்ள வர்ல."

"தண்ணியாவது..."

"ஒண்ணியும் வேணாம். அவன எங்க பொதச்சிக்கீறீங்க?"

அவளுக்கு உடனே புரியவில்லை.

"பிராங்க ஆன்ட்டி. எங்க வெச்சிக்கீறீங்க? காலைல என் பைக்லதான் வந்தான். அறஞ்சதுக்கு சாரிடா மச்சான்னு சொல்லிட்டு எறங்கினான். அதுக்கப்பால நான் அவனப் பாக்கல. மூஞ்சி பாக்க உடல. சாவுக்கு வர உடல. ஸ்டேசன்ல போட்டா காட்டித்தான் அடிச்சானுங்க. அவனுக்காக எங்கியும் நின்னு அய முடில. நான் அய்தா நடிக்கிறான்னு அடி."

ஜெயகுமாரி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன மன்னிச்..."

"அத்த சொல்லாதீங்க. நான் அதுக்கு வர்ல. எடத்த மட்டும் சொல்லுங்க."

"கல்லறத் தோட்டத்துலப்பா. கேட்டுக்குள்ள போனா லெப்டு சைடு. தண்ணித் தொட்டியத் தாண்டி நாலாவது வரிச. கறுப்புக் கல்லு, பேரு எயுதிக்கீது." செருப்பைத் தேடினாள். "இரு, செருப்பு போட்டுக்கினு வரேன். நான் காட்றேன்."

"வேணாம் ஆன்ட்டி. நீங்க வராதீங்க."

அவன் திரும்பினான். முன்னறையிலிருந்து ஆரோக்கியசாமி லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவள் பக்கம் பார்க்காமல் தாழ்ப்பாளை எடுத்தான்.

"லட்சுமணா. நா வர்லாமா?"

லட்சுமணன் நின்றான். கிழவனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அங்கே தேடியது கிடைத்ததா இல்லையா தெரியவில்லை.

"வாங்க," என்றான்.

ஆரோக்கியசாமி படி இறங்கினான். ஒன்பது மாதமாகச் சோறு, தண்ணீர், சாவி என்று ஒற்றை வார்த்தைக்கு மேல் அவளிடம் பேசாதவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"கதவ சாத்திக்க," என்றான்.

அவள் சாத்தவில்லை. மாடியிலிருந்து ராஜம்மாவும் எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லார் கண்ணிலும் படும்படி, தெருமுனையில் அந்த இரண்டு ஆண்களும் திரும்பி மறையும்வரை, ஜெயகுமாரி வாசலிலேயே நின்றாள்.